இடப்பக்க முன்சக்கரம்

வட்டிக்குக் கடன் வாங்க வேண்டாம் என்ற முடிவோடு, கையிலிருந்த தொகைக்கு ஏற்பப் பழைய கார் ஒன்றை வாங்கினோம். வாப்பாவைக் கடையநல்லூரிலிருந்து தென்காசிக்கு மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும், உறவினர் வீட்டு நிக்காஹ்களுக்குப் போய்வரவும் அது போதும் என்று எண்ணினோம்.

மூன்றாம் மாதத்தில் தொல்லை தொடங்கியது. பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் இடப்பக்க முன்சக்கரம் விடுபடாமல் பிடித்துக்கொண்டிருந்தது; வண்டியும் அந்தப் பக்கமே இழுத்தது. முதலில் பிரேக் பேடுகளை மாற்றினார்கள். சில வாரங்களில் பழைய கதையே திரும்பியது. அடுத்து காலிப்பரைப் பிரித்து ரப்பர் சீல்களை மாற்றினார்கள். மீண்டும் சில வாரங்களே தாங்கியது. ஒவ்வொரு முறையும் பணம் கொடுத்தோம். ஒவ்வொரு முறையும் “இனிப் பிரச்சினை இராது” என்ற சொல்லை நம்பினோம்.

புனலூரில் ஒரு திருமணத்திற்குப் போய்த் திரும்பிய மாலையில், ஆரியங்காவு கடந்து புளியரை இறக்கத்தில் வண்டிக்குள் கருகிய வாடை வீசியது. அடுத்த வளைவில் பிரேக் மிதி மெத்தென்று கீழே இறங்கியது. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை மெல்ல இழுத்து, ஓரமாக நிறுத்திவிட்டோம். இடச்சக்கரத்திலிருந்து புகை வந்தது. பின்னிருக்கையில் பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். அல்லாஹ் காப்பாற்றினான் என்று சொல்லும்போது எங்கள் நாக்கு தடுமாறியது.

விற்றுவிடுவது என்று அன்றிரவே முடிவாயிற்று. பேடுகளைச் சுத்தம் செய்ததும் வண்டி சரியாகவே ஓடியது. நான்காம் நாள் ஓர் இளைஞர் பார்க்க வந்தார். கைக்குழந்தையுடன் மனைவியையும் அழைத்து வந்திருந்தார். ஓட்டிப் பார்த்தார், பிடித்துப்போயிற்று, விலையும் படிந்தது. “நமக்கு விற்றவர் எதையும் சொல்லவில்லையே, நாம் மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?” என்று எங்களுக்குள் ஒரு பேச்சு எழுந்தது. உள்ளேயிருந்த உம்மா, “அந்தப் பிள்ளையும் பின்சீட்டில்தானே தூங்கும்?” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

ஈரத் தானியத்தைக் குவியலுக்குள் மறைத்து வைத்த வணிகரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தியைச் சிறுவயது முதல் கேட்டு வந்தவர்கள் நாங்கள். கேட்ட பாடம் அன்று எங்கள் வாசலில் வந்து நின்றது. நடந்ததனைத்தையும் அந்த இளைஞரிடம் கூறினோம். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். வண்டி எங்களிடமே நின்றது.

பிறகு செங்கோட்டையில் முதிய மெக்கானிக் ஒருவரிடம் கொண்டு சென்றோம். அவர் எதையும் மாற்ற அவசரப்படவில்லை. சக்கரம் இறுகியிருந்த நேரத்தில் காலிப்பரின் காற்று எடுக்கும் திருகைச் சற்றே தளர்த்தினார். ஆயில் பீச்சியடித்து, சக்கரம் விடுபட்டது. மீண்டும் இறுகச் செய்து, ரப்பர் ஹோஸின் மேல்முனை இணைப்பைத் தளர்த்தினார், சக்கரம் விடுபடவில்லை. “தம்பி, குத்தம் இந்த ஹோஸுக்குள்ளே இருக்கு” என்றார். உட்சுவர் ஊதிப்போய்ப் பாதையை அடைத்திருந்தது. மிதிக்கும் வேகத்தில் ஆயில் உள்ளே போகும். காலை எடுத்தால் திரும்பாது. உரசல் சூட்டில் ஆயில் கொதித்ததால்தான் மிதி இறங்கியிருக்கிறது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகைக்குப் புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் கொதிநிலை இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலையில் அந்த அளவு 140 டிகிரிதான். இரு முன் ஹோஸ்களையும் மாற்றி, பழைய ஆயிலை முழுவதும் வெளியேற்றிப் புதியதை நிரப்பினார். முந்தைய செலவுகளை நோக்க இது சொற்பம்.

அதன்பின் அந்தச் சக்கரம் இறுகவில்லை. ஆயினும் நீண்ட இறக்கங்களில் கியரைக் குறைத்தே இறங்குகிறோம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுகிறோம். அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுவது நம் கடமையைச் செய்த பிறகே என்பதை உணர்ந்தோம்.

அந்த இளைஞரைப் பின்னர் ஒரு ஜும்ஆவில் கண்டோம். ஸலாம் சொல்லி, வேறு வண்டி வாங்கிவிட்டதாகக் கூறினார். குழந்தை நலமா என்று கேட்டோம். நலம் என்றார். அல்ஹம்துலில்லாஹ்.