ஒளி தரும் பொறியும் உயிர் காக்கும் இடைவெளியும்

இருளைக் கண்டு அஞ்சுவது மனிதர் இயல்பு. இருளைப் போக்க வரும் பொருளைக் கண்டு அஞ்சுவார் அரியர். மழைக்காலத்தில் மின்சாரம் நின்றுபோவது தோட்டப்புறங்களுக்குப் புதிதன்று. 2014 டிசம்பரில் கிளந்தானையும், 2021 டிசம்பரில் சிலாங்கூரையும் வெள்ளம் சூழ்ந்தபோது பல இடங்கள் இருளில் மூழ்கின. அத்தகைய வேளையில் பெட்ரோலில் ஓடும் சிறு ஜெனரேட்டர் பெருந்துணை என்பதில் ஐயமில்லை.

நாம் தோட்டத்தில் கிராணி வேலை பார்த்து வருகிறோம். ஆங்கிலப் படிப்பு வாய்த்தமையால், அப்பொறியோடு வரும் ஆங்கிலக் கையேட்டைப் படித்துச் சொல்லுமாறு லயத்து அன்பர்கள் நம்மிடம் கொணர்வதுண்டு. எண்ணெய் எவ்வளவு ஊற்றுவது, கயிற்றை எவ்வாறு இழுப்பது என்று கேட்பார்கள். எங்கே வைப்பது என்று கேட்டவர் மிகச் சிலரே. உயிரைக் காப்பதோ அந்த ஒரு கேள்விதான்.

மழையில் நனையும், கள்வர் கொண்டுபோவர் என்று அஞ்சி அதைச் சமையலறையிலோ பின்கட்டிலோ வைக்கத் தோன்றும். ஆனால் பெட்ரோல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக்காற்று பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலே பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொண்டு, அதற்கு இடமில்லாமற் செய்துவிடும். தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியவை அதன் அறிகுறிகள். உறங்குவோர்க்கு அவையும் தெரியா. உறக்கத்திலேயே உயிர் போய்விடும். இதனை விதி என்று சொல்லி அழுவதில் பயன் என்ன? காரணம் தெரிந்த சாவைத் தடுப்பதன்றோ அறிவுடைமை?

சன்னலைத் திறந்து வைத்தாலும், விசிறியைச் சுழலவிட்டாலும் போதாது. வீட்டிலிருந்து 20 அடிக்குக் குறையாத தொலைவில், வெட்டவெளியில், புகைக்குழாய் வீட்டை நோக்காதபடி வைத்தல் வேண்டும். லயங்களிலே வீடுகள் நெருங்கியிருப்பதால், நம் வீட்டுக்குத் தொலைவு என்று எண்ணியது அண்டை வீட்டுக் குழந்தையின் சன்னலடியாக இருக்கலாம். அதையும் அளந்து பார்த்தல் வேண்டும். மழைக்கு நாற்புறமும் திறந்த கூரையும், கள்வருக்குச் சங்கிலியும் போதும்.

இன்னும் இரண்டு உண்டு. ஓடும் பொறியிலும், சூடு ஆறாத பொறியிலும் பெட்ரோல் ஊற்றலாகாது. சிந்திய துளி தீப்பற்றும். ஜெனரேட்டரின் கம்பியை வீட்டுச் சுவரிலுள்ள பிளக்கில் செருகவும் கூடாது. அம்மின்சாரம் தெருக்கம்பிக்குத் திரும்பி, கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் தொழிலாளியைக் கொல்லும். வீட்டு இணைப்பு வேண்டுவோர் பதிவு பெற்ற மின்பணியாளரைக் கொண்டு மாற்றுச் சுவிட்சு அமைத்துக்கொள்க.

இப்பொழுது நாம் கையேட்டைப் படித்துக் காட்டுவதோடு நிற்பதில்லை. ‘வெளியே வை, 20 அடி தள்ளி வை, ஆறிய பின் ஊற்று, தலை சுற்றினால் உடனே வெளியேறு, 999-ஐ அழை’ என்று தமிழில் எழுதிப் பொறி வைத்திருப்போர் வீட்டுக் கதவிலே ஒட்டி வருகிறோம். எழுத்தறிந்த தோழர்கள் தத்தம் தோட்டத்திலும் இதைச் செய்வார்களாக.