படிக்க மட்டும்

வண்டி ஓட்டுபவர் வைப்பதுதான் பாட்டு என்பது எங்கள் வீட்டுச் சட்டம். நான் ஓட்டத் தொடங்கியதும் சட்டம் மாறி, ஸ்டீரியோ பக்கத்து இருக்கைக்காரர் கைக்குப் போனது.

நானே ஒரு பிளேயர் செய்தேன். பிள்ளைகள் கணினி கற்கவென்று 2012இல் பிரிட்டனில் வெளியான ராஸ்பெரி பை, ஒரு மெமரி கார்டு, காரின் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் சிறு பலகை, ஸ்டீரியோவுக்கு ஒரு ஆக்ஸ் வயர். கடையில், "பையன் புராஜெக்டா மேடம்?" என்றார்கள். "எனக்கு" என்றேன்.

முதல் வாரமே கார்டு கெட்டது. சாவியைத் திருப்பியதும் மின்சாரம் சட்டென்று நின்றுவிடுகிறது. எழுதிக்கொண்டிருக்கும் கார்டு அதைத் தாங்காது. படிக்க மட்டும் முடியும்படி மாற்றினேன். பிறகு கெடவில்லை.

முதலில் ஏற்றியது, பழைய கேசட்டில் அண்ணன் விளையாட்டாகப் பதிந்த அம்மாவின் தாலாட்டு. நடுவில் கேட் திறக்கும் சத்தம். அப்பா. அம்மா அதோடு நிறுத்திவிடுகிறாள். உழவர்கரையிலிருந்து கல்லூரிக்குப் போகையில், இந்திரா காந்தி சிலை சிக்னலுக்குள் தினமும் அந்தக் கேட் திறந்துவிடும்.

போன ஞாயிறு அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கேட் சத்தம் கேட்டது, பாட்டு நின்றது. ஜன்னல் பக்கம் பார்த்தபடி மீதியை அம்மா பாடி முடித்தாள்.

என் கருவியில் அதை எழுதிக்கொள்ள வழியில்லை. அப்படி மாற்றியவள் நான்தான்.