சென்ட்ரல்

குரங்கணியில் பேருந்து திரும்பி நிற்கிறது. இதற்கு மேல் அதற்கு வழியில்லை.

கூட்டம் கலைந்த பிறகு டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர். அரிசி மூட்டை, எண்ணெய் கேன், மாத்திரைக் கவர். எதைத் தலையில் வைப்பது, எதைத் தோளில் போடுவது என்று தூக்கித் தூக்கிப் பார்க்கிறார். குதிரைக்காரன் இன்று வரவில்லை. பக்கத்தில் பேத்தி, கையில் சக்கரம் வைத்த பெட்டி.

மலை பார்க்க வந்த இளைஞன் பேத்தியிடம் பேச்சுக் கொடுக்கிறான்.

"எங்க இருந்து வர்றீங்க?"

"சென்ட்ரல்ல இருந்து. நேத்து ராத்திரி ரயிலு."

"ஊரு?"

"சென்ட்ரல்தான்."

அவன் விழிக்கிறான். பெரியவர் மோவாயால் மலையைக் காட்டுகிறார்.

அங்கே இருப்பதும் சென்ட்ரல்தான். அதற்கு மேலே டாப் ஸ்டேஷன். எதிலும் ரயில் நிற்காது. வெள்ளைக்காரன் காலத்தில் மூணாறுத் தேயிலை குட்டி ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, ரோப்வேயில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டுவண்டியில் போடிக்குப் போனது. 1924 வெள்ளம் அந்த ரயிலைக் கொண்டுபோயிற்று. ரோப்வேயும் பின்னால் போயிற்று. பெயர்கள் மட்டும் நின்றுவிட்டன. தேயிலைப் பெட்டி அந்தரத்தில் இறங்கிய சரிவில் ஆட்கள் இன்னும் நடந்துதான் ஏறுகிறார்கள்.

"ரோடு போடுவாங்களா தாத்தா?" டீக்கடைக்காரர் சிரிக்காமல் கேட்கிறார்.

"ஓட்டுக் கேட்டு வர்றவுக எல்லாம் போடுறேன்னுதான் சொல்றாக. காட்டு இலாகா விடணும்ல."

"ரயிலும் அப்படித்தான கெடந்துச்சு. வந்துருச்சுல்ல."

வந்ததுதான். 1928-இல் போட்ட போடிப் பாதை. உலகப் போரில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஐம்பதுகளில் திரும்பப் போட்டார்கள். அகலப்பாதைக்காக 2010 கடைசியில் நிறுத்தியது, 2023 ஜூன் 15 அன்றுதான் போடிக்கு மறுபடி வந்தது. மதுரைக்கும் போடிக்கும் நடுவே தொண்ணூறு கிலோமீட்டர். இடையில் ஐந்து பொதுத்தேர்தல்கள். இந்தத் தொகுதி உறுப்பினரே இரண்டு முறை முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தார். ரயில் டெல்லியின் கையில் என்பதும் உண்மைதான். பேத்தி பால்வாடிக்குப் போகையில் நின்ற வண்டி, அவள் பிளஸ் டூ முடித்தபின் வந்தது. இப்போது வாரத்தில் மூன்று நாள் சென்னை போகிறது. ஒரே ராத்திரிதான், ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் படுத்துக்கொண்டே வந்துவிட்டாள்.

"கால் எப்படித் தாத்தா இருக்கு?"

"கெடக்கு."

2018 மார்ச்சில் ரோடில்லாத இதே மலையில் தீ பரவியபோது ஹெலிகாப்டர்கள் வந்தன. காயம்பட்டவர்களை டோலி கட்டியும் இறக்கினார்கள். இருபத்து மூன்று பேர் போனார்கள். டீக்கடையில் யாரும் அதைப் பேசுவதில்லை.

பெரியவர் அரிசியைப் பேத்தியிடம் தள்ளிவிட்டு, துண்டைச் சுருட்டிச் சும்மாடாக்கிப் பெட்டியைத் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறார். அவள் தடுத்துப் பார்க்கிறாள். அவர் கேட்கவில்லை.

முதல் மேட்டில் அவர் குனிந்து ஏற, தலைக்கு மேலே பெட்டியின் சக்கரங்கள் காற்றில் மெல்லச் சுழல்கின்றன.