பொட்டி தட்டுறவன் கேமராவுக்குப் பொட்டி தேடின கதை

கேமரா வாங்கறதுக்கு ஆயிரம் பேர் அட்வைஸ் பண்ணுவாங்க. சென்சார் எவ்ளோ பெருசு, ஜூம் எவ்ளோ தூரம் போகும்னு விலாவாரியா விளக்குவாங்க. வாங்கினத எதுல போட்டுத் தூக்கிட்டுப் போறதுன்னு கேட்டா மட்டும், "ஏதாவது ஒரு பவுச் வாங்கிப் போடுப்பா"ன்னு சொல்லிட்டுக் கெளம்பிடுவாங்க. அந்த 'ஏதாவது ஒரு பவுச்' பத்திதான் இந்தப் பதிவு. மூணு வாரமா ஆணி புடுங்கற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் இதே ஆராய்ச்சிதான். (மேனேஜர் கண்ணுல பட்டா: ஆணி புடுங்கின நேரம்தான் அதிகம் :-))

மொதல்ல கேமரா பத்தி ரெண்டு வரி. சோனி ஆர்எக்ஸ்100, 2012-ல வந்த மொத மாடல், செகண்ட் ஹேண்ட். பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 240 கிராம். சட்டைப் பையில போட்டா பை தொங்கும், பேண்ட் பையில போட்டா உக்கார முடியாது. அப்படி ஒரு சைஸ்.

"கையில நல்ல மொபைல் இருக்கும்போது இது எதுக்கு?"ன்னு கேக்கறவங்களுக்கு ஒரே பதில், எங்க ஆச்சி. வயசு எண்பத்தி நாலு. உடன்குடி பக்கத்துல கிராமம். ஆச்சிக்கு முன்னாடி மொபைல நீட்டினா வீடியோ கால்னு நெனச்சு, துபாய்ல இருக்கற சித்தப்பாகிட்ட பேச ஆரம்பிச்சிடுவாங்க. "சாப்டியால? எப்பம் வார?"ன்னு மொபைலப் பாத்துக் கேக்கறவங்ககிட்ட, இது போட்டோன்னு சொல்லிப் புரிய வைக்கறதுக்குள்ள முகம் வாடிப்போயிடும். கொஞ்ச நாளா ஞாபகமும் தவறுது. நாலு தடவைக்கு ஒரு தடவை என்னை அப்பா பேர் சொல்லிக் கூப்பிடறாங்க. கேமரான்னா மட்டும் அவங்களுக்குத் தெளிவாத் தெரியும். அதனாலதான் கேமரா.

சரி, மேட்டருக்கு வருவோம். ரிச்சி தெருவுல ஒரு சனிக்கிழமை பூரா அலைஞ்சேன். கடைக்காரர் ஒருத்தர் எடுத்துப் போட்டது மொபைல் பவுச், ஹார்ட் டிஸ்க் போடற டப்பா, அப்புறம் குழந்தையையே உள்ள வச்சுத் தூக்கற சைஸ்ல ஒரு டிஎஸ்எல்ஆர் பை. காம்பாக்ட் கேமராவுக்குன்னு கேட்டா, "அதெல்லாம் இப்ப யாரு தம்பி வாங்கறா"ன்னார். அவர் சொன்னதுல தப்பில்ல. ஜப்பான் கேமரா தயாரிப்பாளர்கள் சங்கமான சிபாவோட கணக்குல, லென்ஸ் கழட்ட முடியாத கேமராக்கள் 2010-ல 10 கோடிக்கு மேல சந்தைக்கு வந்துச்சு. 2023-ல 20 லட்சம் கூட இல்ல. கேமராவே இல்லாதப்ப அதுக்கு உறை யாரு தைப்பா?

அதனால, அளவு தெரியாமக் கடைக்குப் போறது வேஸ்ட். நம்ம கேமரா 102 மி.மீ. நீளம், 58 உயரம், 36 கனம். எஞ்சினியரிங் மொத வருஷம் தொட்ட வெர்னியர் காலிப்பர திரும்பவும் கையில எடுத்து, இதெல்லாம் சரிதானான்னு அளந்து பாத்துக்கிட்டேன். (அப்பா கட்டின ஃபீஸ் ஒருவழியா வசூலாயிடுச்சு.) ஒரு சின்னக் கணக்கு சொல்றேன், குறிச்சு வச்சுக்கங்க. துணிப் பவுச்சைத் தட்டையா வச்சு அளந்தா, உள் அகலம் கேமராவோட உயரமும் கனமும் சேர்ந்த அளவாவது இருக்கணும். இங்க 58 + 36 = 94 மி.மீ. "மொபைல் போகும், கேமராவும் போகும்"னு கடையில சொல்றதெல்லாம் இந்தக் கூட்டலுக்கு முன்னாடி நிக்காது.

அடுத்து, கேமராவை யார்கிட்ட இருந்து காப்பாத்தப் போறோம்? என் கணக்குல மொத்தம் நாலு வில்லன்.

வில்லன் 1: தரை. இடுப்பு உயரத்துல, அதாவது 1 மீட்டர்ல இருந்து விழுந்தா, தரையத் தொடும்போது வேகம் மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர். அந்த வேகம் எத்தனை மி.மீ. தூரத்துல நிக்குதுங்கறதுதான் விஷயம். 1 மி.மீ.க்குள்ள நின்னா கேமரா மேல சராசரியா அதோட எடையப் போல 1000 மடங்கு விசை. அதாவது 240 கிலோ மூட்டை. உறையோட ஃபோம் 5 மி.மீ. அமுங்கிக் குடுத்தா அதுவே 48 கிலோவாக் குறையும். அதனால உறை எவ்ளோ கெட்டிங்கறத விட எவ்ளோ அமுங்கும்னு பாக்கணும். உள்ள ஃபோம் இல்லாத கெட்டி டப்பா பிரயோஜனமில்ல. எவர்சில்வர் டிபன் பாக்ஸ்ல முட்டைய வச்சுக் கீழ போட்டா டிபன் பாக்ஸுக்கு ஒண்ணும் ஆகாது, அவ்ளோதான்.

வில்லன் 2: தூசி. இந்த வகை கேமராவுல லென்ஸ் நீண்டு நீண்டு உள்ள வரும். அந்த வளையங்களுக்கு நடுவுல ஒரு மணல் துகள் போனாப் போதும், கரகரன்னு சத்தம் போட்டு நின்னுடும். லென்ஸைக் கழட்டித் துடைக்கவும் வழியில்ல, மொத்தமாப் பிரிக்கணும். எங்க ஊரோ தேரிக்காட்டுக்குப் பக்கம். ஆடி மாசக் காத்துல செம்மண் சோத்துல விழும், கேமராவ விட்டு வைக்குமா?

வில்லன் 3: ஈரம். இங்க ஒரு சின்ன கொசுவத்தி. அப்பாகிட்ட ஒரு பழைய ஃபிலிம் கேமரா இருந்துச்சு. அழகான பழுப்பு நிறத் தோல் உறை, பட்டன் வச்சது. அதை உறையோட பத்திரமா பீரோவுல, பட்டுப்புடவைக்கு நடுவுல, அந்துருண்டை எல்லாம் போட்டு வருஷக்கணக்கா வச்சிருந்தார். எடுத்துப் பாத்தா லென்ஸ் உள்ள சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. அது வழியா எதப் பாத்தாலும் மார்கழி மாசக் காலைதான். தோலும் பருத்தியும் ஈரத்தை உறிஞ்சி வச்சுக்கும். காத்துல ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல நாள்கணக்குல நீடிச்சா பூஞ்சைக்குக் கொண்டாட்டம். சென்னையில பாதி நாள் அதைத் தாண்டித்தான் இருக்கு. பூஞ்சை விடற அமிலம் லென்ஸோட பூச்சைத் தின்னுட்டா, துடைச்சாலும் தடம் போகாது. தோல் உறை பாக்கத்தான் அழகு. நம்ம ஊர்ல கேமராவ அதுக்குள்ளயே குடி வைக்கக் கூடாது.

ரப்பர் வளையம் வச்ச, தண்ணி புகாத பெலிகன் மாதிரி டப்பாக்கள்லயும் ஒரு சங்கதி இருக்கு. ஈரத்தை வெளிய நிறுத்தற அதே ரப்பர், மூடும்போது உள்ள இருந்த ஈரக் காத்தை வெளிய விடவும் விடாது. உள்ள சிலிக்கா ஜெல் இல்லேன்னா, புழுக்கத்தைப் பூட்டி வச்ச மாதிரிதான்.

வில்லன் 4: உறையே. ரொம்ப இறுக்கமான நியோப்ரீன் உறை பவர் பட்டனை அமுக்கிடும். லென்ஸ் வெளிய வரப் பாக்கும், உறை விடாது, குட்டிப் பல்சக்கரம்தான் பாவம். அப்புறம் உள்பக்கம் தெரியற ஜிப் பல். தினமும் எடுத்து வைக்கும்போது ஸ்க்ரீன்ல கோலம் போடும்.

"மேக்னட் பட்டன் வச்ச பவுச் வாங்காத, மெமரி கார்டு அழிஞ்சுடும்"னு ஆபீஸ்ல ஒரு நண்பர் பயமுறுத்தினார். அது ஃப்ளாப்பி காலத்துப் பயம். மெமரி கார்டுல தகவல் இருக்கறது மின்னூட்டமா, காந்தமா இல்ல. பவுச் மேக்னட் அதை ஒண்ணும் பண்ணாது.

இதெல்லாம் எழுதி வச்சப்புறம்தான் ஒண்ணு உறைச்சுது. நாலு வில்லனையும் தடுக்கற உறை எதுவோ, அது என்னையும் தடுக்கும். ஆச்சி சிரிக்கறது ரெண்டு செகண்ட். போஸ் குடுக்கச் சொன்னா முந்தானைய இழுத்து விட்டு, பாஸ்போர்ட் ஆபீஸ்ல உக்காந்த மாதிரி ஆயிடுவாங்க. எனக்கு வேண்டியது அந்த முகம் இல்ல.

அதனால நண்பரை ஸ்டாப்வாட்சோட உக்கார வச்சு ஒரு டெஸ்ட். கேமரா உறைக்குள்ள இருக்கறதுல ஆரம்பிச்சு மொதக் கிளிக் வரைக்கும். கொக்கி போட்ட கெட்டி டப்பா 11 செகண்ட். ஜிப் வச்ச இவிஏ ஃபோம் டப்பா 7. வெல்க்ரோ 5, ஆனா 'பர்ர்ர்ர்'னு ஒரு சத்தம், தெருவே திரும்பிப் பாக்கும். மேக்னட் மூடி வச்ச நைலான் பவுச் 4, அதுவும் ஒத்தக் கையில.

கடைசியா ஒரே உறையில எல்லாத்தையும் தேடறத விட்டுட்டேன். கேமரா மூணு எடத்துல வாழுது, மூணுக்கும் மூணு ஏற்பாடு. கையோட இருக்கும்போது மேக்னட் மூடி பவுச். வெளிய நைலான், நடுவுல 6 மி.மீ. ஃபோம், உள்ள மெத்துன்னு துணி, விலை 350 ரூபா. ரயில்லயும் தேரிக் காத்துலயும் அந்தப் பவுச்சோட சேர்த்து ஒரு ஜிப்லாக் கவர். வீட்டுல உறையே கெடயாது. காத்து புகாத அடுக்களை டப்பா, உள்ள சிலிக்கா ஜெல், ஒரு குட்டி ஈரப்பத மீட்டர். முள் 40க்கும் 50க்கும் நடுவுல நின்னா நிம்மதியாத் தூங்கலாம்.

ஆடியில கோயில் கொடைக்கு ஊருக்குப் போனேன். பவுச்சைப் பாத்த ஆச்சி, "என்னல அது?"ன்னாங்க. கேமரா வைக்கறதுன்னேன்.

"கண்ணாடிச் சாமானை இப்டித் துணியிலயா வைப்பாவ? ஒரு பெட்டி முடைஞ்சு தாரேன், இங்க கொண்டா."

கேமராவ வாங்கி, வெரலை வச்சு அளந்தாங்க. "அரைச் சாண் நீளம், மூணு விரக்கடை ஒசரம், ரெண்டு விரக்கடை கனம்." மனசுக்குள்ள பெருக்கிப் பாத்தேன். வெர்னியர் சொன்னதும் அதுவும் மி.மீ. கணக்குல ஒட்டி நின்னுச்சு. காலையில சாப்பிட்டது ஞாபகமில்லாத ஆச்சி, குருத்தோலைய வார்ந்து, ஒண்ணு மேல ஒண்ணு போட்டு, அடி முடைய ஆரம்பிச்சாங்க. கை ஒரு எடத்துலயும் யோசிக்கல. பாதியில நிமிந்து, "நீ யாருல, மூத்தவன் மவனா?"ன்னு என் பேரைச் சரியாச் சொல்லிட்டுச் சிரிச்சாங்க.

நாலு செகண்ட். அந்தப் படம் இருக்கு.

ஃபார்முலாப்படி பாத்தா ஓலைப்பெட்டி ஒரு மி.மீ. கூட அமுங்காது, காத்தும் தூசியும் தாராளமாப் போகும். அதனால கேமராவ அதுல வைக்கல. ஸ்பேர் பேட்டரியும் கார்டும் இப்ப அதுலதான் குடியிருக்கு.

வாங்கப் போறவங்களுக்குச் சுருக்கமா:

- அளவெடுத்துட்டுக் கடைக்குப் போங்க. உயரம் + கனம் மறக்காதீங்க.
- வெரலால அமுக்கிப் பாருங்க. 5 மி.மீ. அமுங்கலேன்னா அது வெறும் சட்டை, கவசமில்ல.
- உள்ளங்கைக் கயிறு வெளிய தொங்கற மாதிரி பவுச் வாங்குங்க. கீழ விழாம இருக்கறத விடப் பெரிய பாதுகாப்பு எதுவும் இல்ல.
- ஏசி ரூம்ல இருந்து வெளிய வந்ததும் கேமராவ உருவாதீங்க. உறைக்குள்ளயே 15 நிமிஷம் இருக்கட்டும், லென்ஸ்ல வேர்க்காது.
- கடையிலயே ஒத்தக் கையில எடுத்துப் பாருங்க. அஞ்சு செகண்டுக்கு மேல ஆனா வேற காட்டச் சொல்லுங்க.

டிஸ்கி: வெல்க்ரோவை சத்தமில்லாமத் திறக்க வழி தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க. வாங்கிட்டு வந்த டெஸ்ட் பீஸ் ஒண்ணு சும்மாக் கெடக்கு :-)