தரைக்கு ஜுரம்

ஜுரம் வந்தால் மனுஷன் தரையில் பாய் விரித்துப் படுப்பான். தரைக்கே ஜுரம் வந்து நான் பார்த்தது அக்கா வீட்டில்தான்.

போன டிசம்பரில் அம்மாவை அழைத்துக்கொண்டு இங்கிலாந்து போயிருந்தேன். அக்கா வீடு பாத் நகரத்துக்குப் பக்கம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்த அம்மா, வெடுக்கென்று காலை எடுத்தாள்.

"ஏல, தரை வெதுவெதுங்குது. கீழ அடுப்பு எரியுதா?"

அடுப்பில்லை, வெந்நீர். தரைக்கு அடியில் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து பிளாஸ்டிக் குழாய். அதில் வெந்நீர் ஓடினால் தரை சூடாகி, அறையும் சூடாகும். "ரோமாக்காரன் காலத்து டெக்னிக்" என்றார் அத்தான், கூட இருந்து பார்த்த மாதிரி. பொய்யில்லை. பாத் நகரத்தில் ரோமானியர்கள் குளித்த இடத்தில், சூடான காற்று புகுந்து போவதற்காகத் தரைக்கு அடியில் எழுப்பின குட்டிக் குட்டித் தூண்கள் இன்றும் நிற்கின்றன.

ரோமாக்காரன் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தான். அத்தான் வீட்டில் ஒரு 'ஸ்மார்ட்' பெட்டி இருந்தது. சகலமும் போனில்தான்.

நாலாம் நாள் ராத்திரி இன்டர்நெட் போயிற்று. போனை எடுத்தால் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அத்தான் ராத்திரிக்கென்று எல்லா அறையையும் 16 டிகிரியில் குறைத்து வைத்திருந்தார். பெட்டி அதையே வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு விட்டது. மறுநாள் காலை தாண்டியும் ஏற்றவில்லை. அம்மா அறைக்குப் போனேன். இரண்டு ரஜாய், அத்தானின் கம்பளி சாக்ஸ், தலையில் மப்ளர்.

"குளிருதாம்மா?"

"எனக்கு என்னல குளிரு? நல்லாத்தான் இருக்கு."

காலைத் தொட்டுப் பார்த்தேன். ஐஸ். அக்கா வாயைத் திறக்கவில்லை. அத்தானுக்கு முகமே இல்லை.

அன்றே புதுப் பெட்டி வாங்குவது என்று முடிவாயிற்று. "நீ பி.காம். தானே... ஒரு கம்பாரிடிவ் ஸ்டேட்மென்ட் போடேன்" என்றார். எனக்கும் எலெக்ட்ரிசிடிக்கும் உள்ள உறவு, ஃப்யூஸ் போனால் மெழுகுவர்த்தி தேடுவதோடு சரி. ஆனால், ஸ்டேட்மென்ட் என்றால் கை தானாகக் கோடு போட ஆரம்பித்துவிடும்!

மாடிப்படிக்குக் கீழே ஓர் அலமாரி. அதுதான் ஹெட் ஆபீஸ். எல்லா அறைக் குழாயும் அங்கே வந்து சேர்கிறது. ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு வால்வு, அதன் தலையில் குல்லாய் மாதிரி ஒன்று. குல்லாய்க்குள் மெழுகு. கரண்ட் பாய்ந்தால் மெழுகு சூடாகி விரிந்து, சில நிமிஷத்தில் வால்வைத் திறக்கும். அறைச் சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட், "எங்களுக்குச் சூடு வேண்டும்" என்று இண்டென்ட் போடும் டிபார்ட்மென்ட். அதைப் பாஸ் பண்ணும் குமாஸ்தாதான் ரிலே. அறைக்கு ஒரு குமாஸ்தா. ஒரே ஒரு இண்டென்ட் வந்தாலும் பம்ப்பும் பாய்லரும் வேலை செய்ய வேண்டும். எதுவும் வராவிட்டால் இரண்டும் சும்மா இருக்க வேண்டும். அவ்வளவுதான் சார், விஷயம்.

காலம் காலமாக எழுதினேன். முதல் காலம்: வோல்டேஜ். குல்லாயில் 230 வோல்ட் ஜாதி உண்டு, 24 வோல்ட் ஜாதி உண்டு. பெட்டியும் அதே ஜாதியாக இல்லாவிட்டால் கல்யாணம் நடக்காது. இரண்டாவது: பாய்லர் தொடர்பு. பல பாய்லர்களுக்கு இரண்டு ஒயரைச் சேர்த்துப் பிரித்தால் போதும், அந்த வழியாகக் கரண்ட் அனுப்பவே கூடாது. அனுப்பினால் உள்ளே இருக்கும் போர்டு பஸ்பம். மூன்றாவது: பொறுமை. சிமென்ட் தரை சூடாகவும் ஆறவும் மணிக்கணக்காகும். ஃபேன் மாதிரி போட்டதும் சுற்றாது. அதைப் புரிந்துகொண்டு முன்கூட்டியே ஆரம்பிக்கிற பெட்டிதான் நிஜமான ஸ்மார்ட். நான்காவது: தரைக்கு உச்சவரம்பு. ஆள் புழங்கும் இடத்தில் 29 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்பது ஐரோப்பிய விதி. நம்ம ஊர் மத்தியானத்துக்கு அதெல்லாம் சாதாரணம்.

அத்தான் கண் வைத்திருந்தது எட்டு ரிலே உள்ள ஒரு பெட்டி மேல். கலர் கலராக கிராஃப், வாயால் சொன்னாலே கேட்குமாம்.

"நெட் போனா கேட்குமா?" என்றேன்.

அத்தான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

நெட் போனால்கூட ஒருநாள் திரும்பி வரும். கம்பெனியே கைகழுவிவிட்டால்? கூகுளின் நெஸ்ட் தெர்மோஸ்டாட்டில் முதல் இரண்டு தலைமுறைகளுக்கு 2025 அக்டோபர் 25-ம் தேதியோடு போன் தொடர்பு நின்றது. கூட்டவோ குறைக்கவோ வேண்டுமானால் சுவரில் இருப்பதைக் கையால்தான் திருக வேண்டும். அந்தத் திருகாவது இருந்ததே!

எனவே ஐந்தாவதாக ஒரு காலம் போட்டேன். தலைப்பு: 'அம்மாவால் முடியுமா?'

மற்ற காலங்களில் எல்லாப் பெட்டிக்கும் டிக் விழுந்தது. இதில் ஒன்றுக்குத்தான். அதன் மூளை அதற்குள்ளேயே இருந்தது, எங்கோ ஒரு சர்வரில் இல்லை. ஒவ்வொரு ரிலேக்கும் கையால் அமுக்க ஒரு பட்டன். அறைச் சுவரில் திருகு வைத்த தெர்மோஸ்டாட். போனும் உண்டு, இலவச இணைப்பாக. கிராஃப் இல்லை. அத்தான் பெருமூச்சு விட்டு அதையே வாங்கினார். எலெக்ட்ரீஷியன் வந்து மாட்டிவிட்டுப் போனார்.

அம்மாவுக்குத் திருகுவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தேன். 20-ல் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் பார்த்தால் 16!

"யாரும்மா குறைச்சது?"

"நான்தான். மாப்பிள்ளைக்குப் பில்லு ஏறாதால?"

ராத்திரி நான் ஏற்றுவேன், விடியுமுன் அவள் இறக்குவாள். மூன்று நாள் இந்தக் கூத்து. கடைசியில் அத்தான்தான் தெர்மோஸ்டாட்டின் புத்தகத்தைப் புரட்டி, ஒரு வசதியைக் கண்டுபிடித்தார். குறைந்தபட்சம் இவ்வளவு என்று பூட்டிவைக்கலாம். 19-ல் பூட்டினார். யாரிடமும் சொல்லவில்லை.

ஊருக்குக் கிளம்புகிறவரை, அம்மா தினமும் திருகை அடிவரை இறக்கிவிட்டுத்தான் படுத்தாள். ரஜாய் ஒன்றாயிற்று. மப்ளர் பெட்டிக்குள் போயிற்று.

"பார்த்தியா... குறைச்சு வச்சும் குளிரவே இல்ல. நான் அப்பமே சொன்னேன்லா?" என்றாள்.

அத்தான் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வெதுவெதுவென்று, ஒன்றும் தெரியாதது போல இருந்தது.