அலவத்துகொடயில் ஒரு கடைசல் பட்டறை

கிளிநொச்சியில் பஸ் ஏறினால் வவுனியா, தம்புள்ளை, மாத்தளை தாண்டி அலவத்துகொட வரும். அடுத்தது அக்குறணை, பிறகு கண்டி. எங்கள் ஊரால் போகும் அதே ஏ9 வீதிதான். 2002இல் திறந்து, 2006இல் மூடி, போர் முடிந்தபின் மீண்டும் திறந்த வீதி.

அங்கே பெரியம்மாவின் மகள் இருக்கிறா. மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். எங்களுக்குள் ஒரு பிரச்சினை. அவள் இயந்திரத் தொழில் படிக்க விண்ணப்பம் கொண்டுவந்திருந்தாள். நான் கையெழுத்து வைக்கவில்லை. 2009இல் அவளின் அப்பாவை இழந்தபின், இரும்பு விழும் சத்தத்துக்கே நான் திடுக்கிடுவேன்.

அக்காவின் தண்ணீர்ப் பம்பின் தண்டு தேய்ந்திருந்தது. வீதியோரப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். நானா புதிய இரும்புத் துண்டை லேத்தில் இறுக்கி, கொஞ்சம் கடைவார், நிறுத்துவார், மைக்ரோமீற்றரால் அளப்பார், மறுபடி கடைவார்.

“ஏன் நானா ஒரேயடியாக வெட்டவில்லை?” என்று கேட்டேன்.

“கூடினால் இன்னும் கடையலாம், தங்கச்சி. குறைந்தால் தண்டைத் தூக்கி எறிய வேண்டியதுதான். பேரிங் ஆடும்.”

அந்த மைக்ரோமீற்றர் ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கைக் காட்டும். தலைமுடிகூட அதைவிடப் பல மடங்கு தடிப்பு. பதினைந்து வருடமாகத் தைக்கிறேன். வெட்டுமுன் இரண்டு தரம் அளப்பதும், தையலுக்குத் துணி விடுவதும் எனக்குத் தெரிந்த வேலை. இதற்குப் பலத்தைவிடப் பொறுமைதான் வேண்டும்.

நானா மகளுக்கும் சொன்னார்: “தலைமுடியை இறுகக் கட்ட வேணும் மகள். காப்பு, சால்வை கூடாது. லேத் சுற்றும்போது கையுறையும் போடக்கூடாது, அது கையை இழுத்துவிடும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.” பயத்தை மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது.

கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் இயந்திரத் தொழினுட்பம் படிக்கலாம். தேசிய தொழில் தகைமையில் 7 மட்டங்கள் உண்டு. 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். வகுப்புக்குப் போகாமல் அனுபவத்தால் கற்றவர்களும் திறமையைக் காட்டிச் சான்றிதழ் பெற வழி இருக்கிறது.

திரும்பும்போது மாத்தளையில் பஸ் நின்றது. மகளிடம் பேனா கேட்டு வாங்கி, விண்ணப்பத்தை மடியில் வைத்துக் கையெழுத்திட்டேன். சகோதரிகளே, உங்கள் பிள்ளையும் இப்படிக் கேட்டால், மறுக்குமுன் ஒருநாள் பட்டறை வாசலில் நின்று பாருங்கள்.