பென்சில் கோட்டில் பிறந்த வேகம்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் கணிப்பொறிகளுக்குத் தெம்பு கூடும். சித்திரை வெயிலில் 850 மெகாஹெர்ட்ஸைத் தாண்டினாலே நீலத்திரை காட்டி நின்றுவிடும் பெட்டி, மார்கழி இரவில் 900-இல் விடிய விடிய ஓடும். பிராசஸரின் சூட்டை வாங்கிக்கொண்டு காற்றால் குளிரும் ஹீட்சிங்க், அறையின் சூட்டுக்குக் கீழே ஒருபோதும் இறங்காது. அறை பத்து டிகிரி தணிந்தால் பிராசஸரும் ஏறக்குறைய அதே பத்து டிகிரி தணியும். பருவம் மாறுவதை, கணிப்பொறியின் அடிப்படை அமைப்புகளைக் காட்டும் பயாஸ் திரையில் தெரியும் வெப்ப எண்தான் எங்களுக்கு முதலில் சொல்லும்.

2000-களின் தொடக்கம் அது. சென்னையில் கணிப்பொறி வாங்குவது என்றால் ரிச்சி தெருவுக்குப் போய், உதிரி உதிரியாகப் பொறுக்கி, அசெம்பிள் செய்துகொண்டு வருவது. மவுண்ட் ரோட்டின் இரைச்சலிலிருந்து உள்ளே திரும்பினால் ஆள் ஒதுங்க இடமில்லாத சந்து. மாடிப்படிக்கு அடியில்கூடக் கடை இருக்கும். விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டிக் கழித்துக் கடைசியில் மலிவான பிராசஸரில் வந்து நிற்கும் எங்களைப் பார்த்து, கடையில் பெட்டி பூட்டும் அண்ணன் சொல்வார்: “பெருசு எதுக்கு தம்பி? சின்னதாவே வாங்கு, நாம ஏத்திக்கலாம்.”

அந்த ‘ஏத்திக்கலாம்’ என்பதற்குள் ஒரு முழுப் பாடம் இருந்தது. பிராசஸரின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கல். மதர்போர்டு தரும் அடிப்படைத் துடிப்பு ஒன்று, அதைப் பெருக்கும் எண் ஒன்று. 1998 ஆகஸ்டில் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ-வின் கணக்கு 66 பெருக்கல் 4.5. பெருக்கும் எண் பூட்டப்பட்டிருந்தது, துடிப்பு பூட்டப்படவில்லை. 66-ஐ 100 ஆக்கினால் 450 மெகாஹெர்ட்ஸ்! மொத்தமாக வாங்குவோருக்கு 300ஏ-வின் விலை 149 டாலர். அதே நாளில் வந்த 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2-இன் விலை 669 டாலர். பிராசஸர் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் கேஷ் நினைவகம் பென்டியத்தில் 512 கேபி; அது பாதி வேகத்தில் ஓடியது. செலரானின் 128 கேபி கேஷ் சில்லுக்குள்ளேயே இருந்து முழு வேகத்தில் ஓடியது. அதனால் பல விளையாட்டுகளில் சின்னது பெரியதற்கு ஈடாக நின்றது.

அபிட் நிறுவனத்தின் பிஎச்6 மதர்போர்டில் இந்த மாற்றத்தைப் பயாஸ் திரையிலேயே செய்துகொள்ளலாம். அந்த வசதி இல்லாத போர்டுகளுக்கும் வழி இருந்தது. பிராசஸர் அட்டையின் பி21 என்ற தொடுமுனையை மறைத்துவிட்டால், போர்டு தானாகவே 100-க்கு மாறிக்கொள்ளும். மறைப்பதற்கு மெல்லிய ஒட்டுநாடா போதும். அக்காவின் நகப்பூச்சு அதைவிட நன்றாக நிற்கும்.

எங்கள் கைக்கு வந்தது அதற்கு அடுத்த தலைமுறை. 2000 ஜூனில் ஏஎம்டி கொண்டுவந்த டூரான். அதன் முதுகில் எல்1 என்று எழுதி, பக்கத்தில் நுண்ணிய பொன்னிறப் புள்ளிகள் இணை இணையாக இருக்கும். ஒவ்வோர் இணைக்கும் நடுவிலுள்ள பாலம் ஆலையிலேயே லேசரால் வெட்டப்பட்டிருக்கும். அந்த வெட்டுதான் பூட்டு. பென்சில் முனையின் கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும் என்று பள்ளியில் படித்ததுதான் சாவி. பக்கத்துப் பாலத்தைத் தொட்டுவிடாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, புள்ளிக்குப் புள்ளி அழுத்திக் கோடு போட வேண்டும். பிறகு பெருக்கும் எண் நம் கையில். 600 என்று விற்ற சில்லு 800-க்கும் 900-க்கும் போனது இப்படித்தான்.

சில்லுக்கு மூடி கிடையாது. ஹீட்சிங்கின் கொக்கியைக் கோணலாக அழுத்தினால் மூலை உடைந்துவிடும். அண்ணன் அதை மாட்டும்போது பேச்சை நிறுத்திவிடுவார். நாங்களும்.

வீட்டுக்கு வந்தபின் இரவுச் சோதனை. டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் உருவான சூப்பர் பை, பையின் மதிப்பைப் பத்து லட்சம் இலக்கங்களுக்கு மேல் கணக்கிடும். மெர்சென் பகா எண்களைத் தேடும் பிரைம்95, தெரிந்த விடையோடு தன் விடையை ஒப்பிட்டுக்கொண்டே ஓடும். ஓரிடம் பிசகினாலும் ஏற்றிய வேகம் அந்தச் சில்லுக்கு ஆகாது என்று பொருள். கொஞ்சம் இறக்கு, அல்லது வோல்டேஜைத் துளி கூட்டு; மறுபடி ஓடவிடு. நடுவில் கரண்ட் போகாமல் இருக்க வேண்டும். காலையில் பிழை இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் திரையைப் பார்க்கும்போது வந்த நிறைவை, அதற்குப்பின் வாங்கிய எந்தக் கணிப்பொறியும் எனக்குத் தந்ததில்லை.

இதெல்லாம் எப்படிச் சாத்தியமானது? ஒரே சிலிக்கான் தட்டிலிருந்து வெட்டியெடுக்கும் சில்லுகளைச் சோதித்துத்தான் வேகத்தைக் குறிப்பார்கள். உற்பத்தி கைவந்த பிறகு அவற்றில் மிகுதியானவை உயர்ந்த வேகத்தையும் தாங்கும். ஆனால் மலிவுச் சந்தைக்கும் சரக்கு வேண்டும். ஆகவே நல்ல சில்லின் தலையிலும் சிறிய எண்ணை எழுதி அனுப்புவார்கள். அந்த எழுத்தைச் சுரண்டிப் பெரிய எண்ணை அச்சிட்டு விற்ற மோசடி வணிகர்களும் இருந்தார்கள். பெருக்கும் எண்ணுக்குப் பூட்டு வந்ததற்கு அவர்களும் ஒரு காரணம்.

வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. 2001-இல் வந்த அத்லான் எக்ஸ்பியில் லேசர் வெட்டு பள்ளமாகவே இறங்கியது. பென்சில் தூள் அதை நிரப்பவில்லை. 2008 முடிவோடு அபிட் மதர்போர்டுத் தொழிலை விட்டது. 2011 ஜனவரியில் வந்த சாண்டி பிரிட்ஜில் பிராசஸருக்கும் மற்றப் பாகங்களுக்கும் ஒரே துடிப்பு. அதைச் சில விழுக்காட்டுக்குமேல் கூட்டினால் எல்லாம் சேர்ந்து தடுமாறும். பெருக்கும் எண் முழுதாகத் திறந்திருந்தது, பெயரின் முடிவிலுள்ள ‘கே’ என்ற எழுத்துக்குக் கூடுதல் விலை கொடுத்தவர்களுக்கு மட்டும். இல்லாதவனுக்கு வழிவிட்ட ஒன்று, இருப்பவனின் சலுகை ஆயிற்று.

இன்றைய பிராசஸர் தன் வெப்பத்தையும் மின்சாரத்தையும் தானே அளந்து, தானே ஏறி இறங்குகிறது. நாங்கள் இரவெல்லாம் தேடிய எல்லையை அது நொடிக்குள் கண்டுகொள்கிறது. அருமையான பொறியியல்தான். ஆனால் துடிப்பு என்றால் என்ன, வோல்டேஜ் கூடினால் சூடு ஏன் கூடுகிறது, நினைவகம் எங்கே திணறும் என்பதையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தது கல்லூரி அல்ல. பணம் போதாமல் வாங்கிய அந்தச் சின்னச் சில்லு. 2014-இல் பென்டியம் பெயரின் இருபதாண்டு நினைவாக இன்டெல் ஜி3258 என்ற மலிவுச் சில்லைப் பூட்டில்லாமல் விட்டது. விலை 72 டாலர். மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. ஆண்டுக்கு ஒரு மலிவுச் சில்லையாவது அப்படித் திறந்துவிடுங்கள் என்றுதான் தயாரிப்பாளர்களிடம் கேட்கத் தோன்றுகிறது. குறைந்த காசோடு கடைக்கு வரும் பிள்ளைக்கும், தன் கணிப்பொறியின் உள்ளே கைவைத்துக் கற்றுக்கொள்ளும் உரிமை உண்டு.